கொயோட்டிகள் இருக்கும் இடம்

பண்ணை வீடு, வயோமிங்
5 ஜூன் 1974

அன்புள்ள அப்பா,

ஓர்வில் மாமா நாளைக் காலையில் மலை முகாமுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். மாவு, காப்பித்தூள், உப்புப் போட்ட பன்றிக்கறி, நாய்களுக்குத் தீனி எல்லாவற்றையும் அம்மா கட்டிவிட்டாள். பீச் பழ டப்பாக்கள் மட்டும் நான் வைத்தவை. "இதுக்கு மேல ஒரு டப்பா வச்சே, என் கோவேறு கழுதை என்னை விட்டுட்டு வேற ஆளைத் தேடிக்கும்" என்று மாமா சொல்லிவிட்டார். எட்டு நாளுக்கு ஒருமுறைதான் அவர் மேலே வருவார் என்பதால் நான்கு டப்பாக்களையும் ஒரே நாளில் தின்றுவிடாதீர்கள்.

நீங்கள் மந்தையோடு மலைக்குக் கிளம்பிய அன்று நான் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. எப்படி எழுதினாலும் மன்னிப்பு ஒரு வரியும் கோபம் ஒரு பக்கமுமாக வருகிறது. அதனால் இரண்டையும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

வருஷா வருஷம் போல ஆட்டுக்குட்டிகளுக்கு வால் நறுக்கிய மறுநாள் காலையில், மழையில் நனைந்து கிடந்த வால் குவியலை நீங்களும் நானும் உட்கார்ந்து பத்துப் பத்தாக எண்ணினோம். எத்தனை வாலோ அத்தனை குட்டி. நம் வீட்டில் எப்போதும் அதுதான் கணக்கு. கொட்டகைப் புத்தகத்தில் பிறந்தவை அறுநூற்றுப் பதினொன்று. வால் ஐநூற்று எண்பத்தெட்டு. அன்று இரவுச் சாப்பாட்டில், வேலைக்கு வந்த பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது, நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இருபத்து மூணு குட்டி போச்சு. எல்லாம் வாத்தியாரம்மாவோட சிநேகிதங்க வயித்துல இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். எப்போதும் புத்தகமும் கையுமாக இருக்கிற வாத்தியாரம்மா நான்தான். புட்டிப்பால் கொடுத்து நான் வளர்த்த இரண்டு தாயில்லாக் குட்டிகளைக் கொடுத்துவிட்டு, மருந்துக்கடைக்காரரின் பழைய கேமராவையும் நீளமான லென்ஸையும் வாங்கியதைத்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊரே திட்டுகிற அந்தச் சின்ன ஓநாய்களை, கொயோட்டிகளைப் படம் எடுக்கத்தான் வாங்கினேன். அதை மறைக்கவில்லை. ஆனால் அப்போது நான் ஒரு கொயோட்டியைக்கூடப் பக்கத்தில் பார்த்திருக்கவில்லை.

இப்போது பார்த்துவிட்டேன், அப்பா. இருபது நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வளை. ஆறு குட்டிகள். தாய்க்கு இடது காது நுனியில் கிழிந்திருக்கிறது. அவளுக்குக் கிழிகாது என்று பெயர் வைத்திருக்கிறேன். தகப்பன் அவளைவிடக் கொஞ்சம் பெரியது, கழுத்தைச் சுற்றிச் செம்பழுப்பு ரோமம். பள்ளிக் கலைக்களஞ்சியத்தில் கொயோட்டிக்கு ஒன்றரைப் பத்திதான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் பாதி, எப்படிக் கொல்வது என்பது. நேற்றுக் காலை கிழிகாது புல்லில் எலி பிடித்ததைப் பார்த்தவர் யாரும் அந்தப் பத்தியை எழுதியிருக்க முடியாது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மண்ணுக்குள் கேட்டாள். ஒரு காது முன்னால் வந்தது, இன்னொரு காது நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு நான்கு காலும் தரையை விட்டு எழும்பி, முதுகு வில்லாக வளைந்து, மூக்கு முதலில் இறங்கியது. கண்ணுக்கே தெரியாத ஒரு எலியை வெறும் சத்தத்தை வைத்துப் பிடித்தாள். நான் பொத்தானை அழுத்த மறந்துபோனேன்.

எங்கே என்று சொல்லமாட்டேன். கேட்காதீர்கள்.

உங்கள் மகள்,
நெல்டா


மலை முகாம்
ஜூன் 6

நெல்டா,

ஓர்வில் காப்பி குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கான். அவன் குடிச்சு முடிக்கறதுக்குள்ள எழுதணும், அதனால சுருக்கமா.

பீச் டப்பா வந்தது. ரெண்டு ஏற்கெனவே காலி. ஒண்ணை ஓர்வில் தின்னான், அதை உங்கம்மாகிட்ட சொல்லு.

சாப்பாட்டு மேஜைல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஊர்க்காரங்க முன்னாடி சொன்னது தப்பு. ஆனா சொன்ன விஷயம் தப்பில்லை. இருபத்து மூணு குட்டின்னா என்னன்னு உனக்குத் தெரியும். ஏப்ரல் மாசக் குளிர்ல ஒவ்வொண்ணையும் நானும் நீயும்தான் சாக்குல சுத்தி அடுப்புப் பக்கத்துல வச்சோம். அதுல எத்தனை இப்ப இல்லைன்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை.

நம்ம மேய்ப்பன் காலை ஒடிச்சுக்கிட்டதால நானே இங்க வந்து கிடக்கேன். ராவும் பகலும் அதுங்க கத்தறது கேக்குது. ரெண்டு இருந்தா இருபது மாதிரி கத்தும். டிப்பர் கிழ நாய், எத்தனை பக்கம்தான் ஓடுவான்?

வளை தெரிஞ்சவங்க சொல்லணும். அது இந்தப் பள்ளத்தாக்குல எல்லாருக்கும் சேர்த்து இருக்கிற ஏற்பாடு. பக்கத்துப் பண்ணையில வளை இருந்து அவங்க நம்மகிட்ட மறைச்சா, நீ என்ன சொல்லுவே? நான் என்ன சொல்லுவேன்?

எங்கேன்னு அடுத்த கடிதத்துல எழுது.

எலியைக் காதால பிடிக்கிறதை நானும் பார்த்திருக்கேன். பனியில செய்யும். அது வேற விஷயம்.

அப்பா


பண்ணை வீடு
13 ஜூன்

அன்புள்ள அப்பா,

நீங்கள் "தப்பு" என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "தேதி போட்டு வச்சுக்கோ, திரும்பக் கிடைக்காது" என்றாள். நான் அன்று கீழே இறங்கி வராததும் தப்பு. இப்போது நாம் சமம்.

ஆனால் எங்கே என்று எழுதமாட்டேன். பக்கத்துப் பண்ணைக்காரர் மறைத்தால் நான் என்ன சொல்வேன் என்று கேட்டீர்கள். அதை நிறைய யோசித்தேன். கோபப்படுவேன். பிறகு, "உங்கள் வளைக் கொயோட்டிகள் என்ன தின்கின்றன?" என்று கேட்பேன். அதற்கு அவரிடம் பதில் இருக்காது. என்னிடம் இருக்கிறது. தினமும் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வளைக்கு எது வந்தாலும் நோட்டில் எழுதுகிறேன். இதுவரை ஐம்பத்திரண்டு தடவை இரை வந்திருக்கிறது. பெரும்பாலும் தரை அணில். அடுத்து வயல் எலி, முயல், ஒரு பாம்பு, மூன்று தடவை என்னவென்று தெரியவில்லை. ஒரு தடவை யாருடைய தோல் கையுறையோ. குட்டிகள் கையுறைக்காகப் போட்ட சண்டையைப் பார்க்க வேண்டும்!

நான் எப்படி உட்காருகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். காற்று எனக்கு எதிராக வருகிற பக்கமாக, இருநூறு அடி தள்ளி, சேஜ் புதருக்குள் வயிற்றில் படுத்திருக்கிறேன். என் வாடை தெரியாமலிருக்க, சட்டையைச் சோப்புப் போடாமல் துவைத்து, வாசனையான சேஜ் இலையைக் கசக்கித் தேய்த்துக்கொள்கிறேன். கேமராவின் "டக்" சத்தம் அவற்றுக்குக் கேட்டுவிடுகிறது. முதல் நாள் அந்த ஒரு சத்தத்துக்கே எல்லாம் வளைக்குள் போய் மறுநாள்வரை வெளியே வரவில்லை. அதனால் கேமராவை உங்கள் பழைய கம்பளிக் காலுறைக்குள் போட்டு, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை வெட்டியிருக்கிறேன். அது ஏற்கெனவே குதிகாலில் கிழிந்த காலுறைதான். அம்மாவுக்குத் தெரியாது.

கிழங்கு வைக்கும் நிலவறையில் சிவப்பு பல்பு போட்டுப் படங்களைக் கழுவினேன். எல்லாத் தாளிலும் உருளைக்கிழங்கு வாசம் வரும். மூன்று படங்களை இதோடு வைத்திருக்கிறேன். இடம் தெரிகிற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இவற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் படம் தகப்பன். வெறும் தலைதான். கண்ணைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியாது, அது தேன் நிறம். இரண்டாவது, கிழிகாது மாலை வெயிலில் நிற்கிறாள், பின்னால் வானம், ஆறு குட்டிகளும் அவள் காலுக்குக் கீழே. இதுதான் நான் எடுத்ததிலேயே நல்ல படம். பதினோரு மாலைகள் காத்திருந்தேன் இதற்கு. வெளிச்சம் அவள் முதுகு ரோமத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, போக மாட்டேன் என்கிறது பாருங்கள். மூன்றாவதில் ஒரு குட்டி வெட்டுக்கிளியைப் பார்த்துப் பயந்து பின்னால் விழுகிறது.

அவற்றை நல்லவை என்று நான் சொல்லவில்லை, அப்பா. அவை எவ்வளவு கவனமாக வாழ்கின்றன என்றுதான் சொல்கிறேன். வளையை விட்டு ஒரு தடவைகூட ஒரே வழியாக வெளியே போவதில்லை.

உங்கள் மகள்,
நெல்டா


மலை முகாம்
ஜூன் 14

நெல்டா,

படம் மூணும் பார்த்தேன். ஓர்வில்தான் முதல்ல பார்த்தான். "உன் பொண்ணு உன்னைக்கூட இவ்வளவு அழகா எடுத்ததில்லையேய்யா" அப்படின்னான். நானும் அப்படி வெயில்ல நிக்கிறதில்லைன்னு சொன்னேன்.

நல்லா இருக்கு. பொய் சொல்லமாட்டேன். அந்தக் கண்ணை இவ்வளவு கிட்டத்துல நான் துப்பாக்கிக் குழாய்க்கு மேலாத்தான் பார்த்திருக்கேன்.

ஆனா ரெண்டாவது படத்துல, அது முதுகுக்குப் பின்னால, வலது மூலைல, வானத்தை முட்டிக்கிட்டு ஒரு கல் குவியல் இருக்கு பார். நீ அழகுக்காக விட்டுவச்சிருப்பே. இந்த நாட்டுல மேய்ப்பனா இருந்த ஒவ்வொருத்தனும் பொழுது போகாம எங்கேயாவது ஆள் மாதிரி ஒரு கல்பையனை அடுக்கியிருப்பான். தூரத்துல பார்க்கறவனுக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான். அடுக்கினவனுக்கு அப்படி இல்லை. மேலேர்ந்து மூணாவது கல்லுல குறுக்கால வெள்ளைக் கோடு இருக்கா? நான் அதை ஓடையிலேர்ந்து தோள்ல தூக்கிட்டுப் போனேன். எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. அதுதான் நான் தனியா மேய்ச்ச முதல் கோடை. ரெண்டு நாள் தோள் வலிச்சுது.

அதனால எங்கேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நம்ம வடக்குச் சரிவு. வால் நறுக்கின தொழுவத்திலேர்ந்து நேரா முக்கால் மைல்.

தெரியாம இருந்திருந்தா வேற விஷயம். தெரிஞ்சப்புறம் வாயை மூடிக்கிட்டு, பள்ளத்தாக்குல அடுத்தவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? டுவெய்னுக்குச் சீட்டு எழுதி ஓர்வில் கையில கொடுத்துட்டேன். இந்தப் பக்கத்துப் பண்ணைங்களுக்கெல்லாம் பொறி வைக்கிறது, வளை அழிக்கிறது எல்லாம் அவன் வேலைதான். இருபத்தஞ்சாம் தேதி வருவான். நீ அன்னைக்கு வீட்டுக்குள்ள இரு. அவன் வளைக்குள்ள புகை போட்டு வாயை அடைப்பான். சீக்கிரம் முடிஞ்சிடும்.

நீ ஏமாந்துட்டேன்னு நினைச்சுக்காதே. நீ நல்லாத்தான் மறைச்சே. அது என் கல்லா இல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.

அப்பா


பண்ணை வீடு
21 ஜூன்

அப்பா,

உங்கள் கடிதம் வந்து ஆறு நாட்களாகிறது. இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

அந்தக் கல்பையனை நான்தான் படத்துக்குள் விட்டேன். இரண்டு அடி இடது பக்கம் நகர்ந்து படுத்திருந்தால் வந்திருக்காது. கல் இருந்தால் படத்துக்கு உயரம் கிடைக்கும் என்று தோன்றியது. நான் பார்த்துப் பார்த்துச் செய்த ஒன்றுதான் அவற்றைக் காட்டிக்கொடுத்தது.

டுவெய்னை நிறுத்தச் சொல்லி உங்களைக் கெஞ்சலாம் என்று இருந்தேன். ஐம்பத்திரண்டு இரை, ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை என்று இன்னொரு தடவை எழுதலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அப்படி எழுதினால் நான் பொய் சொல்கிறவளாகிவிடுவேன். நான் உங்களுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட நான்காவது படம் ஒன்று இருக்கிறது. அதை இப்போது வைக்கிறேன்.

இரண்டு குட்டிகள் இழுபறி விளையாடுகின்றன. நடுவில் இருப்பது ஆட்டுக்குட்டி வால். கம்பளி நன்றாகத் தெரிகிறது. இது மட்டுமில்லை, வளையைச் சுற்றி இதுபோல ஏழெட்டுக் கிடக்கின்றன. லென்ஸ் வழியாகப் பார்த்தேன். நான் அங்கே போய்ப் படுத்த முதல் நாளே கிடந்தன. அவற்றை நோட்டில் எழுதவில்லை. நான் பார்க்கத் தொடங்குவதற்கு முன்னால் நடந்ததை எழுத வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எழுதாததற்குக் காரணம் அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதனால் நீங்கள் சொன்னது சரி. அவை தின்றிருக்கின்றன. இந்தப் படத்தை உறைக்குள் வைப்பதை ஓர்வில் மாமா பார்த்துவிட்டார். "என்னம்மா, லவ் லெட்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தின்றிருந்தாலும் அவற்றைக் கொல்ல வேண்டாம் என்று கேட்கிறேன். அதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. நேற்று மாலை தகப்பன் தூரத்திலிருந்து ஒரு தடவை கூப்பிட்டது. ஆறு குட்டிகளும் ஒரே நேரத்தில் விளையாட்டை நிறுத்தி, தலையைத் தூக்கி, பதில் சொல்லப் பார்த்தன. இன்னும் குரல் வரவில்லை அவற்றுக்கு. கதவு கிரீச்சிடுகிற மாதிரிதான் வந்தது. ஒன்றுக்கு வாய் மட்டும் திறந்தது, சத்தமே இல்லை. ஆனாலும் அது தலையை வானத்துக்குத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஊளையிடுகிற மாதிரியே முழுவதும் செய்து முடித்தது. இதுதான் என் காரணம். இது போதாது என்று எனக்கே தெரிகிறது.

நெல்டா


மலை முகாம்
ஜூன் 22

நெல்டா,

ஓர்வில் கிளம்பணும்னு நிக்கிறான், மேற்கால மேகம் கட்டியிருக்கு. நான் விடலை. அவன் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி, ரெண்டு சில்லும் ஒண்ணு மேல ஒண்ணா மடிச்சு, பூதக்கண்ணாடி மாதிரி வச்சு உன் படத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

அந்த வாலோட அடிப்பக்கத்தைப் பார். நேரா இருக்கு. கறுப்பா இருக்கு. கொயோட்டி கடிச்சா அப்படி இருக்காது, பிய்ஞ்சு நார் நாரா இருக்கும். அதோட, ஆட்டைக் கொன்னா அது வாலைத் தூக்கிட்டுப் போகாது, வயித்தைத்தான் திங்கும். இந்த வால் காய்ச்சின இரும்பால நறுக்கினது. இரும்பு பிடிச்சது நான்.

அன்னைக்குச் சாயங்காலம் மழை வந்துடுச்சு, குவியலைக் காலையில எண்ணிக்கலாம்னு விட்டோம். ஞாபகம் இருக்கா? நாய் வாலைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்கும்னு டிப்பரையும் மத்ததையும் நான்தான் கொட்டகைக்குள்ள கட்டிப் போட்டேன். ராத்திரி முழுக்கக் குவியல் காவலில்லாமத்தான் கிடந்தது.

நீ எண்ணினது சரி. எண்ணினது எதையோ, அதுதான் சரியில்லையோ என்னவோ.

ஆனா "என்னவோ"வை வச்சுக்கிட்டு டுவெய்னை நிறுத்தச் சொல்ல என்னால முடியாது. நிறுத்திட்டு, இலையுதிர்காலத்துல விக்கறதுக்கு லாரியில ஏத்தறப்ப இருபத்து மூணு குறைஞ்சா, ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும், பொண்ணு பேச்சைக் கேட்டு வளையைக் காப்பாத்தினான்னு. எண்ணிப் பார்த்துத்தான் சொல்லணும். மலையில குட்டியை யாரும் எண்ணினதில்லை. தாய் ஆடு நூறுக்கு ஒரு கறுப்பு ஆடு விட்டிருக்கோம், கறுப்பை எண்ணினா மந்தை சரி. குட்டிக்கு அப்படி ஒண்ணும் கிடையாது.

நாளைக்கு ஓடை மேல இருக்கிற மரப்பாலத்துல ஒவ்வொண்ணா விட்டு எண்ணறேன். ஆனா எண்ணி முடிச்சாலும் உனக்குச் சொல்ல வழியில்லை. ஓர்வில் முப்பதாம் தேதிதான் திரும்ப வருவான். மந்தையை விட்டுட்டு நான் இறங்கி வர முடியாது, உனக்குத் தெரியும்.

இதை எழுதறதுனால உனக்கு நிம்மதி வராது, வயித்தெரிச்சல்தான் வரும். ஆனாலும் எழுதாம இருக்க முடியலை. நீ அந்தப் படத்தை அனுப்பியிருக்க வேண்டியதில்லை. அனுப்பினே.

அப்பா


பண்ணை வீடு
29 ஜூன்

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் இருபத்து மூன்றாம் தேதி மாலையில் வந்தது. கொட்டகை விளக்கின் கீழே நின்று படித்தேன். அந்த வால்களைப் பார்த்துப் பார்த்து இத்தனை நாள் அவற்றைக் கொலைகாரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிலவறைக்குப் போய் அந்தப் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். நேராக இருந்தது. கறுப்பாக இருந்தது. நான் நாற்பது தடவை பார்த்த படம், அப்பா. எனக்குக் கம்பளி மட்டும்தான் தெரிந்தது.

டுவெய்னின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் மனைவி எடுத்தார். "அவர் ரெண்டு நாளா வெளியூர்ல வேலையா இருக்காரும்மா. அப்படியே நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவாரு. சீட்டு எழுதினவரு சொன்னா நிப்பாரு. நீ சொன்னா நிக்கமாட்டாரு" என்றார். அது நியாயம்தான்.

அதனால் நான் ஒன்று செய்தேன். கோபப்பட்டாலும் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மனித வாடை வளைக்குப் பக்கத்தில் தங்கினால் கொயோட்டி குட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடும். புத்தகத்தில் படித்ததுதான். அதற்குப் பயந்துதான் நாற்பது நாட்களாகச் சோப்புப் போடாமல், காற்றுப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். இருபத்து நான்காம் தேதி காலையில் அம்மாவின் வாசனைச் சோப்பைப் போட்டுக் குளித்தேன். என் சிவப்புப் பள்ளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காற்று என் பின்னாலிருந்து வீசும்படி, நிமிர்ந்து நடந்து நேராக வளைக்குப் போனேன். கிழிகாது என்னைப் பார்த்தாள். ஓடவில்லை. ஐம்பது அடி தள்ளிப் போய் நின்று குரைத்தாள். நாய் மாதிரி இல்லை, இருமல் மாதிரி. அவ்வளவு நாள் பார்த்தும் அவள் என்னைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அவளுக்கு என்னைத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வளை வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே குட்டிகள் மூச்சுவிடுவது கேட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், பாடப் புத்தகத்தை உரக்க வாசித்தேன். ஸ்வெட்டரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு உங்கள் கல்பையனுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம், சூரியன் இன்னும் மலைக்கு மேலே இருக்கும்போதே, அவள் வந்தாள். ஸ்வெட்டரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். உள்ளே போய் முதல் குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்தாள். அவை இப்போது பெரிதாகிவிட்டன, பின்னங்கால் தரையில் இழுபட்டது. தகப்பன் முன்னால் போய்ப் போய், நின்று திரும்பிப் பார்த்தது. மூன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். மீதி மூன்றும் அவள் வாலைப் பார்த்துக்கொண்டு தாமே ஓடின. சத்தம் வராத குட்டி கடைசியில். புல் உயரமாக இருந்ததால் அது துள்ளித் துள்ளிப் போனது. அந்த வெளிச்சம், அப்பா. பதினோரு மாலைகள் காத்திருந்து எடுத்த வெளிச்சத்தைவிட நல்ல வெளிச்சம். கேமரா என் கழுத்தில் இருந்தது. உள்ளே இருபத்திரண்டு படங்களுக்கு இடம் இருந்தது. காலுறைக்குள்ளிருந்து அதை எடுக்கவில்லை.

டுவெய்ன் மறுநாள் வந்தார். நானும் கூடவே போனேன். வீட்டுக்குள் இருக்கச் சொன்னீர்கள், இருக்கவில்லை. வளை வாசலில் மண்டியிட்டுப் பார்த்தார். பிறகு ஸ்வெட்டரை ஒரு குச்சியால் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரோடது பாப்பா?"

"என்னோடது."

"இங்க எப்படி வந்துது?"

"நான்தான் வச்சேன்."

அவர் குச்சியைத் திருப்பித் திருப்பி ஸ்வெட்டரைப் பார்த்தார். "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். அப்பன் என்னை வரச்சொல்லி சீட்டு அனுப்பறான், மக அதுங்களுக்கு ஸ்வெட்டர் போத்தி வழியனுப்பறா. நல்ல குடும்பம்" என்றார். பிறகு, "எந்தப் பக்கம் போச்சு? நீதான் படம் எடுக்கறவளாச்சே, காட்டு" என்றார்.

"படம் எடுக்கலை" என்றேன். அது உண்மை. அதனால் அவர் முகத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

ஸ்வெட்டரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதில் ஒரு கை முழுக்கப் பல் பட்ட ஓட்டைகள். அம்மா தைக்கிறேன் என்றாள், நான் விடவில்லை.

அவை எங்கே இருக்கின்றன என்று இப்போது எனக்குத் தெரியாது. தேடவும் மாட்டேன். ஊருக்கு முன்னால் உங்களுக்குத் தலைகுனிவு வந்திருந்தால் அது என்னால்தான். ஆனால் பாலத்தில் என்ன எண்ணினீர்கள் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஓர்வில் மாமா நாளைக்கு வருகிறார். அவருக்கு ஒரு டப்பா தனியாகக் கொடுத்திருக்கிறேன், உங்களுடையதைத் தொடமாட்டார்.

உங்கள் மகள்,
நெல்டா


மலை முகாம்
ஜூன் 30

நெல்டா,

அறுநூத்தி எட்டு.

மூணு தடவை எண்ணினேன். முதல் தடவை தனியா, பாலத்துல குறுக்கால நின்னுக்கிட்டு, நூறுக்கு ஒரு தீக்குச்சியை இந்தப் பையிலேர்ந்து அந்தப் பைக்கு மாத்திக்கிட்டு. டிப்பர் ஒவ்வொண்ணாத்தான் அனுப்பினான், கிழவனுக்கு இன்னும் வேலை மறக்கலை. அறுநூத்தி ஆறு வந்தது. நம்பலை. மறுநாள் திரும்ப எண்ணினேன், அறுநூத்தி எட்டு. இன்னைக்கு ஓர்வில் வந்ததும் அவனை அந்தப் பக்கம் நிறுத்தி, பேசாம எண்ணுடான்னு சொன்னேன். அவனும் அறுநூத்தி எட்டுதான். "எதுக்குய்யா இது, மலையில குட்டி எண்ணற முதல் பைத்தியம் நீதான்" அப்படின்னான். அப்புறம் உன் கடிதத்தை அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான்.

புத்தகத்துல அறுநூத்திப் பதினொண்ணு. மூணு குறையுது. ஒண்ணு போன வாரம் விஷச்செடி தின்னு என் கண் முன்னாடி செத்துது. மீதி ரெண்டு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. அது கொயோட்டியா இருக்கலாம். இருந்தா இருக்கட்டும்.

மீதியெல்லாம் இதோ என் முன்னாடி மேயுது. இருபதுக்கு மேல வாலை ராத்திரி மழையில வந்து தூக்கிட்டுப் போயிருக்கு, நாயைக் கட்டிப் போட்டு வழி விட்டவன் நான். அதை வச்சு ஊர் முன்னாடி உன்னைப் பேசி, ஆறு குட்டியைப் புகை போடச் சொல்லி சீட்டும் எழுதினேன். முப்பது வருஷமா வாலை எண்ணறேன். இதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் இப்படித் தப்பா எண்ணி, எத்தனை வளையை அடைக்கச் சொன்னேனோ. அதை நினைக்காம இருக்கப் பார்க்கறேன், முடியலை.

டுவெய்னுக்கு இதே கையோட எழுதியிருக்கேன். வரச்சொன்னது என் தப்பு, என் பொண்ணு மேல தப்பில்லைன்னு. அன்னைக்குச் சாப்பாட்டு மேஜைல சிரிச்சவங்க பேர் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. கீழே வந்ததும் ஒவ்வொருத்தன்கிட்டயும் நானே போய் அறுநூத்தி எட்டுன்னு சொல்றேன். இனிமே வாலைக் குவிச்ச அன்னைக்கே எண்ணணும், இடி விழுந்தாலும்.

நீ அந்த இருபத்திரண்டு படத்தை எடுக்காம விட்டது எனக்குப் புரியுது. எனக்குப் புரியுதுன்னு எழுத ரொம்ப நேரம் பேனாவை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் ரெண்டாவது படத்தை நான் தங்கற வண்டிக்குள்ள அடுப்புக்கு மேல குத்தி வச்சிருக்கேன். கல்பையன் படத்துல நல்லா விழுந்திருக்கான்.

இன்னொண்ணு. நேத்து விடிஞ்சதும் காப்பிக்குத் தண்ணி எடுக்கப் போனேன். ஓடைக்கு அந்தப் பக்கம் பாறை மேல ஒண்ணு நின்னுது. ரெண்டு கல் எறியற தூரம். மந்தையைப் பார்க்கலை, என்னைத்தான் பார்த்துது. துப்பாக்கி வண்டியில இருந்துச்சு. வண்டி பக்கத்துலதான். நான் போகலை. அடுத்த தடவை போகமாட்டேன்னு சொல்லமாட்டேன், என்னைத் தெரியும் உனக்கு. ஆனா நேத்து போகலை. கையில வாளியோட நின்னேன். அதோட மூச்சு குளிர்ல புகையா வந்துது. ஒரு காது என் பக்கம் இருந்துது, இன்னொண்ணு பின்னால ஏதோ கேட்டுக்கிட்டு இருந்துது. நீ எழுதினது சரிதான், ரெண்டு காதும் ஒண்ணா வேலை செய்யறதில்லை. வெயில் வந்து முதுகு மேல விழுந்தப்ப உன் படத்துல இருக்கிற மாதிரியே ரோமத்து ஓரத்துல ஒரு வெளிச்சம். எனக்கு அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, நீ இருந்திருந்தா எழுதியிருப்பே. வாளி கனத்துக் கை மரத்துப் போற வரைக்கும் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு நின்னோம். அப்புறம் அது கொட்டாவி விட்டுட்டுப் போயிடுச்சு.

எங்கேன்னு கேக்காதே. சொல்லமாட்டேன்.

அப்பா